தமிழ்த் திரையில் திருநங்கையர்

தமிழ்ச் சமூகத்தில் திருநங்கையர் பெற்ற ஏற்பில் திரைப்படம் முன்னோடியல்ல, பின்தொடர்ந்தே வந்தது. தமிழக அரசு 2008இல் அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. ஆனால் 2015இலும் ‘ஐ’ படத்தின் திருநங்கைச் சித்திரிப்பு எதிர்ப்புக்குள்ளானது. இடையே ‘நர்த்தகி’ (2011) திருநங்கையான கல்கி சுப்ரமணியத்தை முதன்மை வேடத்தில் நிறுத்தியது தனிப் பெருமை. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்தில் திருநங்கை ஷில்பாவாக நடித்த ஆண் நடிகர் விஜய் சேதுபதி தேசிய விருது பெற்றார். யாரும் எவ்வேடமும் ஏற்கலாம், அதுதானே நடிப்பு என்பர். சரிதான், ஆனால் திருநங்கையருக்கு மற்ற வேடங்கள் எட்டாதவரை அந்தச் சுதந்திரம் ஒருதலையானது.

திரைக்கு வெளியே, தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் திருநங்கையர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கறவை மாடு வளர்த்துப் பால் விற்கிறார்கள். தீவனச் செலவையும் பால் பணத்தையும் கணக்குப் பார்க்கும் இந்த அன்றாடத்தைத் தமிழ்ப்படம் கதையாக்கத் துணிவது அரிது.