மைக்ரோசாட்டலைட் நிலையின்மை

இம்யூனோதெரபி எந்தப் புற்றுநோயாளிக்குக் கைகொடுக்கும் என்று முன்கூட்டியே கணிக்க உதவும் மரபணுக் குறி இது. செல் பிரியும்போது டி.என்.ஏ. படியெடுப்பில் விழும் பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் இருக்கின்றன. அவை பழுதானால், ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் மைக்ரோசாட்டலைட் பகுதிகளின் நீளம் கண்டபடி மாறிவிடும்.

வரலாறு தொடங்குவது அமெரிக்காவின் மிச்சிகனில், ஒரு தையல்காரப் பெண்ணிடம். தம் குடும்பத்தில் பலர் புற்றுநோயால் போனதுபோல் தாமும் போய்விடுவோம் என்று 1895இல் நோயியலாளர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அவர் சொன்னார். கருப்பைப் புற்றுநோயில் அப்படியே இறந்தும் போனார். அந்தக் குடும்பத்தின் கதையை வார்த்தின் 1913இல் வெளியிட்டார். பிற்காலத்தில் அதைத் தொடர்ந்து ஆராய்ந்த ஹென்றி லிஞ்சின் பெயரே அந்தப் பரம்பரை நோய்க்கு நிலைத்தது. அந்த நோயாளிகளின் கட்டிகளில் மைக்ரோசாட்டலைட் கோளாறும், அதற்குக் காரணமான எம்எஸ்எச்2 மரபணுவும் 1993இல் பிடிபட்டன.

அடுத்த இருபது ஆண்டுகள் இது பரம்பரை நோய் தேடுவோரின் கருவியாகவே இருந்தது. இம்யூனோதெரபி வகையான பிடி-1 தடுப்பு மருந்துகள் வந்தபோது பெருங்குடல் புற்றுநோயில் அவை ஏறக்குறைய எவருக்கும் பலிக்கவில்லை. ஒருவருக்கு மட்டும் கட்டி அடியோடு மறைந்தது. அவரது கட்டியில் இந்தக் குறி இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2015இல் வந்த முடிவு: திருத்தப் புரதம் பழுதான பெருங்குடல் நோயாளிகள் 10 பேரில் 4 பேருக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற பிடி-1 தடுப்பு மருந்தால் கட்டி சுருங்கியது, பழுதில்லாத 18 பேரில் ஒருவருக்கும் இல்லை. முதல் வகைக் கட்டிகளில் சராசரியாக 1,782 மரபணுப் பிறழ்வுகள், மற்றவற்றில் 73. பிறழ்வு பெருகினால் விநோதப் புரதங்களும் பெருகும். நோயெதிர்ப்புச் செல்களுக்கு அவற்றை அடையாளம் காண்பது எளிது.

2017 மே மாதம் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, புற்றுநோய் எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல் இந்தக் குறியை வைத்தே பெம்ப்ரோலிசுமாபுக்கு அனுமதி தந்தது. அப்படி ஓர் அனுமதி அதுவே முதல்.

சோதனை எளிதுதான். நான்கு திருத்தப் புரதங்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புரதம் இருந்தால் உட்கரு பழுப்பு; இல்லாவிட்டால் வெறும் நீலம். பக்கத்திலுள்ள இயல்பான லிம்போசைட்டுகள் பழுப்பேறியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சாயமே சரியாகப் பிடிக்கவில்லை.

பிறழ்வுகளை வெறுமனே எண்ணும் சோதனை இத்தனை நம்பகமானதல்ல. மெகாபேஸுக்கு (பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளுக்கு) 10 என்ற வரம்பை எஃப்டிஏ 2020இல் ஏற்றாலும், எல்லாப் புற்றுநோய்க்கும் அது பொருந்துவதில்லை. நிலையின்மையும் முழு உத்தரவாதமல்ல. இந்தக் குறி உள்ள 307 பெருங்குடல் நோயாளிகளிடம் நடந்த கீநோட்-177 ஆய்வில், நோய் முற்றாதிருந்த காலம் கீமோதெரபியில் 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாபில் 16.5 மாதம். ஆனால் பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களில் சுமார் 29 சதவீதத்தினருக்கு மருந்து தொடக்கத்திலிருந்தே பலிக்கவில்லை. கீமோதெரபியில் அப்படியானவர்கள் சுமார் 12 சதவீதமே.