ஓசூரும் கனடாவும்: நாங்க பெங்களூரு இல்லீங்க!

கனடாக்காரரிடம் "நீங்க யாரு?" என்று கேட்டால் "அமெரிக்கன் இல்லீங்க" என்பதுதான் முதல் பதிலாக வரும் என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. ஓசூர்க்காரனுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சென்னைக்குப் போனால் "ஓசூரா? அது பெங்களூருதானே?" என்பார்கள். 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்குப் போனால் "தமிழ்நாட்டுப் பையன்". ரெண்டு பக்கமும் விளக்கம் சொல்லியே வாய் வலிக்கிறது :-)

கனடா உருவானது 1867-ல். மேப்பிள் இலைக் கொடி வந்ததோ 1965-ல். 'ஓ கனடா' சட்டப்படி தேசிய கீதம் ஆனது 1980-ல். (அரியர்ஸ் வைப்பதில் நம்மைவிட மோசம்!) நடுவில் 1970-களில் சி.பி.சி. வானொலி ஒரு போட்டி வைத்தது. ஒருவர் எந்த அளவுக்குக் கனடியன் என்று ஒரு உவமை சொல்ல வேண்டும். ஐஸ் ஹாக்கி, மேப்பிள் பாகு எதுவும் ஜெயிக்கவில்லை. சூழ்நிலை விடுகிற அளவுக்குக் கனடியன் என்ற பதில்தான் ஜெயித்தது.

நம்ம ஊருக்கு வருவோம். ஓசூர் என்றால் கன்னடத்தில் புது ஊர். 1792-ல் திப்பு சுல்தான் பாரமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது கிருஷ்ணகிரி கைமாறியது. மேட்டிலிருக்கும் ஓசூர்ப் பகுதி மைசூரிடமே நின்றது. 1799-ல் திப்பு இறந்த பிறகுதான் அதுவும் கம்பெனிக்கு வந்தது. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் மைசூருக்குப் போனது. தெலுங்கும் கன்னடமும் தெருவுக்குத் தெரு கேட்கிற ஓசூர் மதராஸோடு தங்கியது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் இங்கேதான். இந்த ஊரில் யுகாதிக்கு ஒப்பட்டு, தைக்குப் பொங்கல், இரண்டும் உண்டு.

"வீட்டில் தெலுங்கா? அப்போ நீங்க தமிழ்நாடு இல்லையே" என்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும். மொழிப் பிரச்சினை முற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவே சாட்சி. பிரெஞ்சு பேசும் கியூபெக் பிரிந்து போகலாமா என்று 1995-ல் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் 50.58 சதவீதம், போகலாம் 49.42. நூலிழை! நம்ம பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மாவோ மூன்று மொழியிலும் பேரம் பேசிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன் (பி.காம். புத்தி). 1879-ல் கனடா இறக்குமதி வரியை ஏற்றியது. வரியைத் தாண்ட அமெரிக்கக் கம்பெனிகள் எல்லைக்கு அந்தப் பக்கமே கிளைத் தொழிற்சாலை போட்டன. 1904-ல் ஃபோர்டு கம்பெனியின் கனடாக் கிளை டெட்ராய்ட்டுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் தொடங்கியது. இப்போது அது வின்ஸர் நகரம். 1970-களில் சிப்காட் ஓசூரில் செய்ததும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். பின்தங்கிய பகுதிச் சலுகை தமிழ்நாட்டுடையது, பக்கத்துப் பெருநகரம் கர்நாடகாவுடையது. 1980-ல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அசோக் லேலண்ட் வந்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து ஆரம்பித்த டைட்டனும் இங்கேயே வாட்ச் செய்தது. ஆக, பெங்களூரு வழிந்து உண்டான ஊர் இல்லை சார் இது. நடுவில் கோடு இல்லையென்றால் இத்தனை பேக்டரி இங்கே வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

வின்ஸரிலிருந்து நர்ஸுகள் தினமும் எல்லை தாண்டி டெட்ராய்ட் மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். நாங்கள் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வருகிறோம். அவர்களுக்குப் பாஸ்போர்ட், எங்களுக்கு டிராஃபிக் ஜாம்.