காற்றில் திருகிய பாலம்: ஐந்து நாள் தாமதம்

டகோமா நேரோஸ் பாலம் காத்துல முறுக்கிக்கிட்டு ஆடுற அந்த கறுப்பு வெள்ளை வீடியோவை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அந்தப் பாலத்தை முதல் நாளிலிருந்தே கண்காணிச்சாங்க என்பதுதான் இன்னைக்குக் கதை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட தொங்குபாலம் அது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 2,800 அடி. அகலம் வெறும் 39 அடி. முதல் டிசைனில் தளத்தைத் தாங்க 25 அடி உயர டிரஸ் இருந்தது. செலவைக் குறைக்க, லியோன் மொய்செய்ஃப் அதற்குப் பதிலாக 8 அடி உயர கர்டர் போதும் என்றார். பாலம் ஒல்லியா, அழகா வந்துச்சு. ஆனா கட்டும்போதே லேசான காத்துக்குக்கூட தளம் அலை மாதிரி ஏறி இறங்குச்சு.

சும்மா விடல. கேபிள் போட்டு இழுத்துக் கட்டினாங்க, அறுந்துபோச்சு. ஹைட்ராலிக் டேம்பர் வெச்சாங்க. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி சாண்ட் பிளாஸ்டிங் பண்ணதுல அதோட சீல் கெட்டுப்போச்சு. வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபார்குவார்சன் மாதிரிப் பாலம் செய்து சோதித்தார். நவம்பர் 2-ல் இரண்டு வழிகள் கிடைத்தன: கர்டரில் துளை போட்டுக் காற்றை உள்ளே விடலாம், அல்லது பக்கவாட்டில் தகடு பொருத்திக் காற்றைத் திருப்பிவிடலாம். துளை போட்டா திரும்ப மூட முடியாதுன்னு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாங்க. நம்ம பாஷைல சொன்னா, ஃபிக்ஸ் ரெடி, டிப்ளாய்மென்ட் பாக்கி.

நவம்பர் 7. மணிக்கு சுமார் 64 கி.மீ. காற்று. நடு ஸ்பானில் ஒரு கேபிள் பட்டை வழுக்கியதும், மேலும் கீழும் ஆடிய தளம் திருக ஆரம்பித்தது. போக்குவரத்தை நிறுத்தினாங்க. 11 மணி வாக்கில் தளம் இடிந்து நீரில் விழுந்தது. மனிதர்கள் யாரும் சாகல. காரில் சிக்கிய ஒரு நாய் இறந்தது.

இதை ரெசோனன்ஸ்னுதான் பல பாடப்புத்தகங்கள் சொல்லும். ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளுவதுதான் ரெசோனன்ஸ். இங்கே காத்து அப்படித் தாளம் போடல. தளம் திருகியபோது அந்த அசைவே அதன்மேல் படும் காற்றின் விசையை மாற்றி, இன்னும் பலமாகத் திருக வைத்தது. இதுக்குப் பேர் ஃபிளட்டர். இந்த வித்தியாசத்தை பில்லா, ஸ்கேன்லன் இருவரும் 1991-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் விளக்கினாங்க.

1950-ல் வந்த புதுப் பாலத்துக்கு 33 அடி உயர டிரஸ். காற்று மேலே போக, சாலையிலேயே கம்பி வலைத் திறப்புகள். மாதிரியை முன்கூட்டியே காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். இன்னைக்கு நீளமான பாலங்கள்ல முடுக்கமானிகள் நாள் முழுக்க அதிர்வை அளக்குது. ஆனா கெர்ட்டிக்கும் (அதான் அதோட செல்லப் பேர்) டேட்டா இருந்துச்சு. இல்லாமப் போனது ரிப்பேரை முடிக்க நேரம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!