சாகாமல் வந்த சிப்பாய்

ஒஷாவா நகரின் நடுவில், சிம்கோ வீதியோரமாக, நினைவுப் பூங்கா ஒன்று இருக்கிறது. முதலாம் உலகப் போரில் மாண்ட ஊர்ப் பிள்ளைகளுக்காக 1924இல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் அங்கு நிற்கிறது. ஒவ்வொரு நவம்பர் 11ஆம் நாளும் காலை பதினொரு மணிக்கு ஊர் அதன்முன் கூடுகிறது. உணவகங்களில் வேலைசெய்யும் நாங்களும் அந்த நாட்களில் சட்டையில் பொப்பிப் பூவைக் குத்திக்கொள்கிறோம். அதே மாதம் 27ஆம் நாள் எம்மவர்கள் தம் பிள்ளைகளுக்கு விளக்கேற்றுகிறார்கள். போரில் இறந்தவர்களை நினைப்பது எமக்குப் பழகிய காரியம். சாகாமல் மீண்டவர்களை என்ன செய்வது என்பதுதான் எம்மிடம் விடையில்லாத கேள்வி.

இந்தக் கேள்வியோடு பார்க்கையில் ஜோன் பாப்கொக் என்ற மனிதரின் வாழ்க்கை எமக்கு முக்கியமாகிறது. ஒஷாவாவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் போனால் கிங்ஸ்ரன். அதற்கு வடக்கே ஹொலிஃபோட் என்ற சிற்றூரின் பண்ணையொன்றில் 1900 யூலை 23இல் அவர் பிறந்தார். ஆறு வயதில் தகப்பன் மரம் விழுந்து இறந்துபோனார். பெரிய குடும்பம், வறுமை. 1916இல், பதினைந்தரை வயதில், அவர் படையில் சேர்ந்தார். ஆள்சேர்க்க வந்தவர்கள் பிரித்தானியக் குதிரைப்படையின் வீரத்தைப் பாடும் ரெனிசனின் கவிதையைச் சொல்லித் தம்மை மயக்கியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். நாளொன்றுக்கு ஒரு டொலர் பத்துச் சதச் சம்பளம் கவிதைக்குத் துணை நின்றது. கவிதையும் வறுமையும் சேர்ந்து பிள்ளைகளைப் போருக்கு அனுப்புவது எமக்குப் புதிய செய்தியல்ல.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். வயது போதாதென்று ஹலிபாக்ஸ் துறைமுகத்தில் அவரைக் கப்பலேறவிடாமல் தடுத்தார்கள். அங்கே கூலிவேலை செய்துகொண்டிருந்தவர் பதினெட்டு வயதென்று பொய் சொல்லி வேறொரு படைப்பிரிவோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கும் உண்மை வயது வெளிப்பட்டது. அவரைப் போன்ற சிறுவர்களுக்கென்று இருந்த இளஞ்சிப்பாய்கள் படையணியில் போட்டார்கள். பத்தொன்பது வயதாகும்வரை பயிற்சி; அதன்பின்தான் போர்முனை. அந்த வயதை அவர் எட்டுமுன் 1918 நவம்பர் 11 வந்துவிட்டது. ஒரு பதிவேடும் அதைப் புரட்டிப் பார்த்த ஓர் அதிகாரியும் ஒரு பையனுக்கு இன்னும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வருடங்களைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வருடங்களை அவர் சாதாரண மனிதனாகவே வாழ்ந்தார். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார். 1921 முதல் 1924 வரை அந்நாட்டுப் படையில் இருந்தார். வாஷிங்ரன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் குடியிருந்தார். கலியாணம் செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். மனைவியை இழந்தபின் மறுமணம் செய்துகொண்டார். அறுபத்தைந்து வயதில் விமானமோட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்தார். சிறுவயதில் விட்ட பள்ளிப் படிப்பைத் தொண்ணூற்றைந்து வயதில் முடித்தார். படிப்பு இடையில் நின்றுபோன எம் போன்றவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி ஒன்றே போதும்.

கனடாவிலிருந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் போருக்காகச் சீருடை அணிந்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உயிரோடிருந்தவர்களும் ஒவ்வொருவராக மறைய, 2007 மே மாதத்துக்குப்பின் பாப்கொக் ஒருவரே எஞ்சினார். கடைசி வீரருக்கு அரச மரியாதையோடு இறுதிக்கிரியை நடத்த முன்வர வேண்டுமென்று 2006இல் பாராளுமன்றம் ஒருமனதாகக் கேட்டிருந்தது. அவர் அதை மறுத்துவிட்டார். போர்முனையைக் காணாத தனக்கு அந்த மரியாதை உரியதல்ல என்பதே அவர் எண்ணம். செய்யாத வீரத்துக்கு மாலை வேண்டாமென்று சொல்ல நூறு வயதுக்கு மேலும் தெளிவு இருந்திருக்கிறது.

வேறொன்றைத்தான் அவர் கேட்டார். 1946இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றதால் பிறந்த நாட்டின் பிரசை அல்லாதவராகியிருந்தார். கனடாவின் முதலாவது குடியுரிமைச் சட்டம் 1947 ஜனவரி 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே எந்த நாட்டுக்காகச் சீருடை அணிந்தாரோ, அந்த நாட்டின் பிரசை என்ற பெயரே அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. 2008இல் பிரதமர் ஸ்ரீபன் ஹார்ப்பருக்குக் கைப்பட எழுதிக் கேட்டார். நூற்றியேழாவது வயதில் கனடியரானார். 2010 பெப்ரவரி 18இல் காலமானார்.

ஒரு கடிதத்தோடு காரியம் முடிந்ததைப் படிக்கையில் எமக்குள் ஒரு பெருமூச்சு எழுகிறது. 1948இல் இலங்கைச் சட்டமொன்று மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கும் வழிசெய்த சட்டம் வர 2003 ஆனது. அதற்கிடையில் இரண்டு தலைமுறை மண்ணாகிப்போனது.

இன்னொரு வேறுபாடு அதைவிடக் கிட்டத்தில் உள்ளது. எங்கள் குசினியில் அடுப்படியில் நிற்கும் அண்ணை ஒருவருக்கும் பதினைந்து வயதில் ஆயுதம் கொடுக்கப்பட்டது. அவருடைய வயதைப் பார்த்துத் திருப்பி அனுப்ப அங்கே ஒருவரும் இருக்கவில்லை. இன்று அவருக்கு மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு வேலை செய்கிறார். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டமொன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் தோளிலுள்ள தழும்பைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு அவர் இன்னும் சொல்லவில்லை. அகதி விண்ணப்பப் படிவத்தின் முன் அந்தக் காலம் ஆபத்தானது. எம்மவர் கூட்டங்களிலோ உயிரோடு திரும்பியவர் என்பதே ஒரு குறை. வீரனென்றும் துரோகியென்றும் இரண்டு பெட்டிகளே வைத்திருக்கும் சமூகத்தில் தகப்பன் என்ற மூன்றாவது பெட்டிக்கு இடமில்லை.

பாப்கொக்கிடம் கனடியர்கள் கடைசிவரை கேள்வி கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். அந்தப் பதில்களால்தான் ஒரு சிறுவன் எப்படிப் போருக்குள் இழுக்கப்பட்டான் என்பது இன்று வரலாற்றில் இருக்கிறது. எம்மிடையே அப்படிக் கேட்கப்படாமலே நரைத்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குச் சிலையோ பதக்கமோ வேண்டியதில்லை. வேலை முடிந்து ஒரு தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து, தீர்ப்புச் சொல்லாமல் கேட்க ஒரு காது போதும். அவர்கள் நீண்ட காலம் வாழட்டும். வாழ்வதோடு சொல்லவும் செய்யட்டும்.