கல்லீரலுக்குப் போகும் வழிகள்

பித்தப்பையை எடுக்கும் அறுவை மருத்துவருக்குக் கல்லைப் பற்றிப் பயம் கிடையாது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதுதான் பயம். பித்தப்பையின் நாளம் ஒருவருக்குக் கல்லீரலிலிருந்து வரும் பொது நாளத்தில் மேலேயே சேரும். இன்னொருவருக்கு அதை ஒட்டியபடி வெகுதூரம் இறங்கிச் சேரும். சிலருக்குப் பின்னால் சுற்றி இடப்புறம் போய்ச் சேரும். 1955இல் ஃபிலடெல்ஃபியாவின் நிக்கோலஸ் மிச்செல்ஸ் 200 உடல்களில் கல்லீரல் தமனியைத் தேடிப் பார்த்து, அதைப் பத்து வகையாகப் பிரித்தார். புத்தகத்தில் உள்ளபடி இருந்தவை 55 சதவீதம்தான்.

எங்கள் மெட்ராஸில் 1835இல் மருத்துவப் பள்ளி தொடங்கியது. பின்னாளில் அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் எழுந்த சிவப்புக் கட்டடத்தை மாணவர்கள் செங்கோட்டை என்பார்கள். அங்கேதான் உடற்கூறு படித்தார்கள். கையில் இருந்தது கன்னிங்காமின் உடற்கூறுக் கையேடு. அதன் படங்கள் ஐரோப்பாவில் வரையப்பட்டவை. மேஜையில் கிடந்ததோ பெரும்பாலும் இந்த ஊர் வார்டுகளில் இறந்து, கேட்பாரற்றுப் போன ஏழைகளின் உடல். 1951இல் சென்னை மாநிலத்துக்கென உடற்கூறுச் சட்டம் வந்து, அந்த உடல்களைக் கல்லூரிகளுக்குத் தருவதற்கு ஒழுங்கு கொடுத்தது.

நான் வேறொரு கல்லூரியில் உடற்கூறு நடத்தி ஓய்வுபெற்று, ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறேன். டிசெக்‌ஷன் ஹாலில் பிள்ளைகள் ஓடிவந்து, "மேடம், இந்த பாடி தப்பா இருக்கு, கல்லீரலோட வலது தமனி குடல் தமனியிலேர்ந்து வருது" என்பார்கள். மற்ற மேஜைக்காரர்களையும் கூப்பிட்டு நிற்கவைப்பேன். ஃபார்மலின் கண்ணை எரிக்க, ஒவ்வொருவரும் விரலால் அந்தத் தமனியைத் தொட்டுப் பின்தொடர வேண்டும். பிறகு வரைய வேண்டும். பாடி தப்பில்லை, புத்தகம் இன்னும் முடியவில்லை என்று சொல்வேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில், பித்தநாளங்கள் தூர்ந்துபோன ஒரு காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று அதுதான். பெரியவரின் கல்லீரலைப் பிரிக்கும்போது எந்தத் துண்டுக்கு எந்தத் தமனி, எந்த நாளம் என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானது என் மனதுக்கு மிக நெருக்கமான செய்தி. அப்படிப்பட்ட அறுவைக்குப் பின்னால், பெயர் தெரியாத எத்தனையோ உடல்கள் தந்த அறிவு இருக்கிறது.

அப்படி உடல்கள் தரும் அறிவைத் தேடி, தாய்லாந்தில் இந்த நாளங்களையும் தமனிகளையும் தங்கள் மக்களின் உடல்களிலேயே பார்த்து எழுதுகிறார்கள். அங்கே டிசெக்‌ஷன் மேஜைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தாமே உடலைத் தானம் செய்தவர்கள். மாணவர்கள் அவர்களை ஆசிரியராகவே மதிக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் குடும்பத்தாரோடு நின்று, பிக்குகள் ஓத, தகனம் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. மனம் நிறைந்தது. கேட்பாரற்ற அந்த உடல்களுக்கும் கல்லூரிகள் செய்ய வேண்டியது உண்டு. ஒவ்வொரு உடலிலும் கண்ட மாறுபாட்டை வயதோடும் படத்தோடும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எரிக்கும் நாளில் அந்த மேஜையில் படித்த மாணவர்கள் அனைவரும் அங்கே இருக்க வேண்டும்.