நூறு பேர் இல்லாத பள்ளிக்கூடம்

முப்பத்தைந்தே பிள்ளைகள் படிக்கும் ஒரு ஹைஸ்கூலைக் கற்பனை செய்து பாருங்கள். கதைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில், கான்ஸஸ் ராஜ்யத்தின் கிழக்குப் பகுதியில், 1960ஐ ஒட்டிய வருஷங்களில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் நிஜமாகவே இருந்தது. அங்கே சரித்திரத்துக்கு ஒரு துறை, விஞ்ஞானத்துக்கு ஒரு துறை என்றெல்லாம் எப்படி வைப்பது? துறைக்கு ஓர் ஆள் கிடைப்பதே துர்லபம். அப்படியானால் அது ஹைஸ்கூல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? இந்தக் கேள்வி அந்தத் தேசத்தையே கொஞ்ச காலம் ஆட்டி வைத்தது.

ஆதியில் இந்தத் துறைகளைப் பிரித்தவர்களைப் பார்த்துவிடலாம். 1892ல் பத்துப் பேர் கொண்ட கமிட்டி ஒன்று கூடியது. தலைவர் சார்லஸ் எலியட். ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவர். லத்தீன், கிரேக்கம், ஆங்கிலம், கணிதம் என்று ஒன்பது பிரிவுகளுக்கு ஒன்பது மகாநாடுகள் கூட்டி, ஹைஸ்கூலில் எதை, எத்தனை நாள் படிக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். பாடங்கள் பங்கு போட்டுக்கொண்ட வீடாகிவிட்டது பள்ளிக்கூடம். பையன் காலையில் கணிதத்தின் பையன். மத்தியானம் லத்தீனின் பையன். மொத்தப் பையன் யாருடைய பொறுப்பு என்று அந்தக் கமிட்டி அவ்வளவாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கவலையைப் பட்டவர் ஜெஸ்ஸி டேவிஸ் என்ற உபாத்தியாயர். டெட்ராயிட் நகரத்து ஹைஸ்கூலில் இருந்தபோதே, தம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து, "நீ மேலே என்ன செய்யப் போகிறாய்?" என்று விசாரிக்க ஆரம்பித்தவர். 1907ல் கிராண்ட் ராபிட்ஸ் ஊரில் பிரின்ஸிபாலானதும் ஒரு யுக்தி செய்தார். வாரம் ஒரு முறை ஆங்கில வகுப்பில், உத்தியோகத்தைப் பற்றியும் நடத்தையைப் பற்றியும் பிள்ளைகள் கட்டுரை எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தனி ஆள் இல்லை, தனி அறை இல்லை; ஆங்கிலத் துறையின் கொல்லைப்புறமாக நுழைந்ததுதான் இந்த வழிகாட்டும் உத்தியோகம். மறு வருஷம் பாஸ்டனில் பிராங்க் பார்ஸன்ஸ் என்பவர் இதற்கென்றே ஒரு காரியாலயம் திறந்தார். திறந்த அதே வருஷத்தில் இறந்தும் போனார். அவருடைய புத்தகம் 1909ல்தான் வெளிவந்தது.

இந்த உத்தியோகஸ்தருக்கு அங்கே கௌன்ஸிலர் என்று பெயர். நம் ஊரில் கௌன்ஸிலர் என்றால் குழாயில் தண்ணீர் வராதபோது போய்ப் பார்க்க வேண்டிய மனிதர். அவர் வேறு, இவர் வேறு. இவர் பாடம் நடத்துவதில்லை. இன்ன பிள்ளைக்கு இன்னது வரும், இன்னது வராது, வீட்டில் என்ன தொல்லை என்று கேட்டு அறிந்து யோசனை சொல்வதே இவருக்கு வேலை.

1957 அக்டோபரில் ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை ஆகாயத்தில் ஏற்றியதும், இந்தக் கௌன்ஸிலர்களுக்கு யோகம் அடித்தது. மறு வருஷம் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்று போட்டு, கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து விஞ்ஞானத்தில் சேர்க்க வேண்டும் என்று பணத்தைக் கொட்டினார்கள். சில வருஷங்களுக்குள் கௌன்ஸிலர்களின் தொகை இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. குழந்தையின் மனசு என்ன பாடுபடுகிறது என்று பார்க்கப் பிறந்த வேலைக்கு ராக்கெட்டுக்கு ஆள் பிடிப்பதற்காகச் சம்பளம் கிடைத்தது. சர்க்கார் காரியங்களில் இது சகஜம்.

இந்தச் சமயத்தில்தான் ஜேம்ஸ் கானன்ட் வந்தார். இவரும் ஹார்வர்டின் தலைவராக இருந்தவர். எலியட்டைப் போலவே ரசாயனம் படித்தவர். பல ராஜ்யங்களில் சுற்றிப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு 1959ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இருபத்தொரு சிபாரிசுகள். முதல் சிபாரிசே, 250 முதல் 300 பிள்ளைகளுக்கு ஒரு முழுநேரக் கௌன்ஸிலர் வேண்டும் என்பது. இன்னொரு கருத்துதான் வெடிகுண்டு: கடைசி வகுப்பில் நூறு பேராவது இல்லாத ஹைஸ்கூல்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து, சின்னவற்றை ஒழித்துவிட வேண்டும்.

அவர் கணக்கைக் குறை சொல்ல முடியாது. நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள்தாம் உயர்ந்த கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் ஏற்றவர்கள் என்று அவர் மதிப்பிட்டார். கடைசி வகுப்பில் இருபது பேர் என்றால் அத்தகையவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்காக ஒரு பௌதிக ஆசிரியரை வைத்துச் சம்பளம் கொடுக்க எந்தக் கிராமத்தால் முடியும்? முடியாது என்றால் அந்த மூன்று பேரின் கதி என்ன? இதற்குக் கிராமத்தாரிடம் நல்ல பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இணைப்பு வேலை கானன்டுக்கு முன்பே தொடங்கியிருந்தது; அவர் புத்தகம் அதற்குக் கையில் கிடைத்த கோடாலி. 1940ல் அங்கே சுமார் 1,17,000 பள்ளி வட்டாரங்கள் இருந்தன. 1970ல் எஞ்சியவை சுமார் 18,000.

இந்த வேகத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். ராஜர் பார்க்கர் என்ற மனோதத்துவ நிபுணர். கான்ஸஸில் ஆஸ்கலூஸா என்ற சிற்றூரிலேயே 1947ல் குடியேறி ஆராய்ச்சி நிலையம் வைத்தவர். ஏழு வயதுப் பையன் ஒருவன் காலையில் எழுந்ததிலிருந்து இரவு தூங்கும்வரை செய்ததை எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி, ஒரு நாளையே முழுப் புத்தகமாக்கியவர். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அதைப் பற்றி அறிந்தபோது பொறாமையாகவே இருந்தது.

பார்க்கரும் பால் கம்ப் என்பவரும் 1964ல் வெளியிட்ட நூலில் முப்பத்தைந்து பிள்ளைகளின் பள்ளியையும், 2,287 பேர் படித்த பள்ளியையும் வைத்து ஒப்பிட்டார்கள். பெரியதில் பிள்ளைகள் அறுபத்தைந்து மடங்கு. நடந்த காரியங்களோ, வகுப்பு, நாடகம், சங்கம், பந்தாட்டம் எல்லாம் சேர்த்து, எட்டு மடங்குதான். தினுசுகளோ ஒன்றரை மடங்கு. எல்லாம் இருந்தது; எல்லாரும் இல்லை. பெரிய பள்ளியில் நாடகம் போட்டால் பலர் கைதட்டும் இடத்தில் உட்கார்ந்தார்கள். சின்னப் பள்ளியில் திரையை இழுக்கவும் அவன் வேண்டும், ராஜா வேஷம் போடவும் அவனே வேண்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குக்கூட, "நான் வராவிட்டால் காரியம் நடக்காது" என்ற எண்ணம் சின்னப் பள்ளியில் இருந்தது. பெரியதில் அப்படிப்பட்டவன் ஓரத்தில் நின்றான். ஓரத்தில் நிற்பவனைக் கண்டுபிடிக்கத்தான் கௌன்ஸிலர் வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கானன்டும் இதைக் கொஞ்சம் உணர்ந்திருந்தார். பெரிய பள்ளிகளில் பலதரப்பட்ட பிள்ளைகளையும் கலந்து சிறு குழுவாக்கி, வருஷக்கணக்கில் சேர்ந்தே இருக்கச் செய்யலாம் என்றும் சிபாரிசு செய்திருக்கிறார். சின்னப் பள்ளியை இடித்துவிட்டுப் பெரிய கட்டிடத்துக்குள் மறுபடி கட்டுகிற வேலைதானே இது!

நடுவழி ஒன்றையும் நியூயார்க் ராஜ்யம் 1948லேயே கண்டிருந்தது. பல சிறு வட்டாரங்கள் ஒரு கூட்டு நிர்வாகத்தில் சேர்ந்து, தனித்தனியே வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாத உதவிகளைப் பொதுவில் ஏற்படுத்திக்கொள்ளச் சட்டம் வந்தது. ஊனமுற்ற பிள்ளைகளையும் பள்ளி ஏற்றுத் தக்கபடி கற்பிக்க வேண்டும் என்று 1975ல் தேசம் முழுவதற்கும் சட்டமான பிறகு, இப்படிச் சேர்ந்து செய்வது பல சிறு ஊர்களுக்குத் தவிர்க்க முடியாத வழியாயிற்று.

2000க்குப் பிறகு சக்கரம் திரும்பியது. நியூயார்க் நகரம் பிரும்மாண்டமான ஹைஸ்கூல்கள் சிலவற்றை மூடி, சின்னப் பள்ளிகளைத் திறந்தது. அதைப் பார்க்கக் கானன்ட் இல்லை, 1978லேயே காலமாகிவிட்டார். பார்க்கரும் இல்லை. அவருடைய நிலையம் 1972ல் மூடப்பட்டது. ஆனாலும் அவர் அந்தச் சிற்றூரை விட்டுப் போகவில்லை. 1990ல் ஆஸ்கலூஸாவிலேயேதான் இறந்தார்.