பினாங்கு வெயிலில் ரெட் ஒயின்: நல்ல பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி, கெடாமல் வைப்பது எப்படி?

யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ரெட் ஒயின் பாட்டில் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியின் மேல் இருக்கிறதா? "ஒயின் பழசாக ஆகத்தானே நல்லா இருக்கும், பையன் கல்யாணத்துக்குத் திறக்கலாம்" என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்களா?

அப்படியென்றால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். ஒயின் பழசாகும்போது சுவை கூடும் என்பது குளிர்ந்த நிலவறைகள் உள்ள நாடுகளில் பிறந்த பேச்சு. அங்கேகூட அது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது. கடைகளில் விற்கும் பெரும்பாலான ரெட் ஒயின்கள் சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகவே தயாரிக்கப்படுகின்றன.

பினாங்கில் ஒரு பாட்டிலின் தரத்தை அதன் விலையோ லேபிளோ மட்டும் சொல்லிவிடாது. அது எந்த வெப்பத்தில் பயணம் செய்தது, எந்த வெப்பத்தில் கிடந்தது என்பதே முக்கியம்.

வெப்பம் என்ன செய்கிறது?

ரெட் ஒயினை நீண்ட காலம் வைக்க 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரையிலான, மாறாத வெப்பநிலை ஏற்றது. ஜார்ஜ்டவுனில் ஆண்டு முழுவதும் இரவில் சுமார் 24 டிகிரி, பகலில் 31, 32 டிகிரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள பினாங்கு மலை உச்சிக்குப் போனாலும் சில டிகிரிதான் குறையும். ஒயினுக்கு அது போதாது.

வெப்பம் கூடும்போது பாட்டிலுக்குள் நடக்கும் வேதிமாற்றங்கள் வேகமெடுக்கின்றன. பழ வாசனை போய், காய்ச்சிய பழப்பாகு போன்ற ஒரு வாடை வருகிறது. இதைத்தான் 'வெந்துபோன ஒயின்' என்கிறார்கள். கூடவே திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளுகிறது. இரவில் சுருங்கும்போது காற்று உள்ளே போகிறது. பகலில் சூடு, இரவில் ஏர்கான் என்று மாறி மாறி வரும் படுக்கையறை ஒயினுக்கு நல்ல இடம் அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

வெப்பத்தால் மேம்பட்ட ஒயினே இல்லையா?

ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியில் போர்ச்சுகலின் மதேரா தீவில் நின்று ஒயின் ஏற்றிக்கொண்டன. வெப்ப மண்டலக் கடலைக் கடந்த பீப்பாய்களில் அதன் சுவை கூடியிருந்ததைக் கண்டார்கள். இன்று மதேரா ஒயினைத் தீவிலேயே வேண்டுமென்றே சூடுபடுத்தித் தயாரிக்கிறார்கள். ஆனால் அது பிராந்தி போன்ற திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவூட்டப்பட்ட ஒயின். சாதாரண ரெட் ஒயினுக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சட்டம்: மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே மதுபானம் விற்கலாம். முஸ்லிம்களுக்கு மது தடை செய்யப்பட்டுள்ளது.

அடுத்து வரி. இங்கே ஒயின் மீதான கலால் வரி, விலையை வைத்து அல்ல, அதிலுள்ள ஆல்கஹால் அளவை வைத்தே கணக்கிடப்படுகிறது. மலிவான பாட்டிலுக்கும் விலையுயர்ந்த பாட்டிலுக்கும் இந்த வரி ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மிக மலிவான பாட்டிலை வாங்கினால் உங்கள் பணத்தில் கணிசமான பங்கு வரிக்கே போய்விடுகிறது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால், கூடுதல் பணத்தில் பெரும்பகுதி ஒயினுக்குப் போகும்.

கடையில் இவற்றைக் கவனியுங்கள்:

- ஐந்தடி நடைபாதையை ஒட்டிய கண்ணாடி ஜன்னலில், வெயில் படும்படி நிற்கும் பாட்டிலைத் தொடாதீர்கள். வெளிச்சமும் ஒயினைக் கெடுக்கும்.
- "ராத்திரி கடை மூடினதும் ஏர்கான் ஓடுமா?" என்று கேளுங்கள். பகலில் குளிர்ந்திருக்கும் கடை இரவில் புழுங்கலாம்.
- சரக்கு குளிரூட்டப்பட்ட கண்டெய்னரில் வந்ததா என்று விசாரியுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தாலும் வெப்பக் கடலைக் கடந்தே ஆக வேண்டும்.
- கார்க் பாட்டிலின் வாய்க்கு மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ, ஒயின் மட்டம் இறங்கியிருந்தாலோ வேண்டாம்.
- சீக்கிரம் குடிக்கப் போகிறீர்கள் என்றால் திருகு மூடி போட்ட, அண்மைய ஆண்டு ஒயினே பாதுகாப்பான தேர்வு. திருகு மூடி தரக்குறைவின் அடையாளம் அல்ல.
- பெட்டியாக வாங்குவதற்கு முன் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துப் பாருங்கள்.

வாங்கிய பிறகு காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். லங்காவியில் வரியில்லாமல் வாங்கி வருபவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மீன் வாங்கப் பயன்படும் வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டியும் ஒரு ஐஸ் பொட்டலமும் போதும்.

ஃப்ரிட்ஜில் வச்சா போதாதா?

சில மாதங்களுக்குப் போதும். சமையலறை ஃப்ரிட்ஜ் சுமார் 4 டிகிரியில் இருக்கும். அது ஒயினுக்குத் தேவைக்கு அதிகமான குளிர்தான். ஆனாலும் 31 டிகிரி அலமாரியைவிட எவ்வளவோ மேல். ஆண்டுக்கணக்கில் வைத்தால் உள்ளிருக்கும் வறண்ட காற்றில் கார்க் காய்ந்துபோகும்.

ஒரு வருடத்துக்கு மேல் வைக்க விரும்பினால் ஒயினுக்கென்றே உள்ள குளிர்பெட்டி தேவை. இதில் இரண்டு வகை. கம்ப்ரசர் இல்லாத வகை சத்தம் போடாது, விலையும் குறைவு. ஆனால் அது அறை வெப்பத்திலிருந்து ஓரளவுதான் குறைக்கும். குளிர் நாட்டில் அது சரி. நம் ஊர் மதிய வெயிலில் திணறும். இங்கே கம்ப்ரசர் உள்ளதையே வாங்குங்கள்.

பெட்டிக்குப் பின்னால் காற்றோட்டம் விடுங்கள். கார்க் போட்ட பாட்டில்களைப் படுக்க வையுங்கள். ஈரப்பதத்தில் லேபிள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றலாம். இடி மின்னலில் வீட்டு மெயின் சுவிட்ச் விழுவது இங்கே வழக்கம். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் பெட்டி சூடாகிக் கிடக்கும். அதனால் வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பரிமாறும்போது என்ன செய்வது?

'ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும்' என்பார்கள். அந்த அறை, 16 முதல் 18 டிகிரி இருந்த பழைய ஐரோப்பிய வீட்டின் அறை. நம் வீட்டு வரவேற்பறை அல்ல. வெளியே இருந்த பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள். மீந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

சரி, அலமாரி மேல் இருக்கும் அந்தப் பாட்டில்? இந்த வாரக் கடைசியிலேயே குளிரவைத்துத் திறந்து பாருங்கள். வெந்துபோயிருந்தால் உடம்புக்குக் கேடு ஒன்றும் இல்லை, சுவைதான் போயிருக்கும். நன்றாக இருந்தால், கொடுத்தவரையும் அழைத்து ஒரு கிளாஸ் ஊற்றுங்கள். கல்யாணத்துக்குப் புது பாட்டில் வாங்கிக்கொள்ளலாம்.